உற்பத்தி நிறுவனத்துக்கு ஈஆர்பி: டெமோ எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, எதை வைத்து முடிவெடுப்பது?

வால்வுப் பட்டறை:

வணக்கம் நண்பர்களே. தொழிற்சாலைகளுக்கு வேண்டிய வால்வுகளைச் செய்து விற்கும் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மொத்தம் 60 பேர். ஸ்டாக் எக்செலில் இருக்கிறது, கணக்கு தனி மென்பொருளில் இருக்கிறது, உற்பத்தித் திட்டம் சுவரில் மாட்டிய வெள்ளைப் பலகையில் இருக்கிறது. கொள்முதல் பிரிவு ஒரு எக்செல் வைத்திருக்கிறது, ஸ்டோர் இன்னொன்று வைத்திருக்கிறது. ஒரே கேஸ்கெட்டுக்கு மூன்று பெயர்கள். வாடிக்கையாளர் போன் செய்து "என் ஆர்டர் எப்போது வரும்?" என்று கேட்டால் நான்கு பேரிடம் விசாரித்துத்தான் பதில் சொல்ல முடிகிறது.

ஈஆர்பி, அதாவது ஸ்டாக், கணக்கு, உற்பத்தி எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் மென்பொருள், போடலாம் என்று முதலாளி ஒப்புக்கொண்டுவிட்டார். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னுடையது. மூன்று வழிகள் முன்னால் இருக்கின்றன. ஒன்று, பெரிய நிறுவனத்தின் கிளவுட் ஈஆர்பி, மாதச் சந்தா. இரண்டாவது, திறந்த மூல மென்பொருளை (மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பது) எடுத்து, அதை நிறுவித் தரும் ஒரு பார்ட்னர் நிறுவனம் மூலம் போடுவது. மூன்றாவது, "உங்களுக்கென்றே எழுதித் தருகிறோம்" என்று சொல்லும் ஒரு சிறு குழு.

எங்களுக்குத் தேவையான வசதிகளை 200 வரிகளில் பட்டியலாக எழுதி மூவருக்கும் அனுப்பினேன். மூவருமே ஏறத்தாழ எல்லா வரிக்கும் "உண்டு" என்று டிக் அடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். டெமோவும் பார்த்தேன், எல்லாமே அழகாக ஓடுகிறது. இனி எதை வைத்து வித்தியாசம் கண்டுபிடிப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஸ்டோர்க்காரர்:

ஸ்டோர் கீப்பராக வேலையைத் தொடங்கி, பிறகு ஈஆர்பி நிறுவும் பக்கத்துக்கு வந்தவன் நான். அதனால் என் பதில் ஸ்டோர் கதவிலிருந்துதான் தொடங்கும்.

அந்த 200 வரிப் பட்டியலை ஓரமாக வைத்துவிடுங்கள். "பல அலகுகளில் ஸ்டாக் வைக்கும் வசதி உண்டா?" என்று கேட்டால் உலகத்தில் உள்ள எல்லா ஈஆர்பியும் உண்டு என்றுதான் சொல்லும். பொய்யும் இல்லை. ஆனால் உங்கள் ஸ்டோரில் நடப்பது அந்த ஒரு வரிக்குள் அடங்காது. நீங்கள் கேட்க வேண்டியது இப்படி: "25 மில்லிமீட்டர் உருக்கு ராடு வாங்குகிறோம். சப்ளையர் கிலோவில் பில் போடுகிறார். ஸ்டோரில் நாங்கள் எண்ணி வைப்பது 6 மீட்டர் நீளத்துக்கு ஒன்று என்று. லேத்தில் ஒரு ஸ்பிண்டிலுக்கு 80 மில்லிமீட்டர் துண்டு, வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் போகிறது. இதை உங்கள் திரையில் செய்து காட்டுங்கள்."

கணக்கைப் பாருங்கள். 25 மில்லிமீட்டர் ராடு மீட்டருக்குச் சுமார் 3.85 கிலோ. ஒரு ராடு 23.1 கிலோ. அதிலிருந்து 72 துண்டு கிடைக்கும், 24 மில்லிமீட்டர் மிச்சம். ஆனால் எடை மேடையில் அதே ராடு 23.4 காட்டும், ஏனென்றால் ராடின் விட்டம் அனுமதித்த அளவுக்குள் கொஞ்சம் கூடலாம், குறையலாம். இப்போது மென்பொருள் எடை மேடைக் கணக்கில் கிலோவில் வரவு வைத்து, ராடுக்கு 23.1 கிலோ வீதம் செலவைக் கழித்தால், நூறு ராடு தீர்ந்த பிறகும் காகிதத்தில் 30 கிலோ ராடு மிச்சமிருக்கும், ரேக்கில் ஒன்றும் இருக்காது. வாங்கும்போது உண்மையான எடையையும் எண்ணிக்கையையும் சேர்த்துப் பதிய முடிகிறதா, நிலையான ஒரே விகிதத்தை மட்டும்தான் ஏற்கிறதா? இந்த ஒரு கேள்வியிலேயே உங்கள் மூவரும் பிரிந்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன்.

இதே போல உங்கள் நிறுவனத்தில் உண்மையில் நடந்த, தலைவலி கொடுத்த சம்பவங்களைத் தேடி எடுங்கள். பத்துப் பன்னிரண்டு போதும். உங்கள் தொழிலை வைத்து ஊகித்து நானே சில சொல்கிறேன்.

500 பாகங்களை முலாம் பூச வெளியே அனுப்புகிறீர்கள். சரக்கு வெளியே இருக்கிறது, ஆனால் சொத்து உங்களுடையது. 492 திரும்பி வருகிறது. 5 முலாம் சரியில்லை என்று தனியாக வருகிறது. 3 காணவில்லை. முலாம் பூசியவர் 500-க்கும் கூலி கேட்டு பில் அனுப்புகிறார். இதை மென்பொருளில் எத்தனை திரையில் முடிக்க முடிகிறது? முடித்த பிறகு ஒரு பாகத்தின் அடக்கவிலை என்ன காட்டுகிறது? அந்த 5 எங்கே நிற்கிறது? நல்ல ஸ்டாக்கோடு கலந்துவிட்டதா?

அடுத்தது, வாடிக்கையாளர் 40 வால்வு கேட்டார், 25 அனுப்பினீர்கள், 2 திரும்பி வந்தது, ஒன்றைச் சரிசெய்து அனுப்பினீர்கள், இன்னொன்றுக்குப் பதில் புதிது கொடுத்தீர்கள். அந்த ஆர்டரில் இன்னும் எத்தனை பாக்கி என்று திரை சரியாகச் சொல்கிறதா?

வார்ப்பு வந்து ஒரு மாதம் கழித்து அதில் விரிசல் தெரிகிறது. அந்த வார்ப்புத் தொகுதி (பேட்ச்) எந்தெந்த வால்வுகளுக்குள் போயிருக்கிறது, அவை யார் யாருக்குப் போயின என்று பின்னோக்கியும் முன்னோக்கியும் தேட முடிகிறதா? வால்வு தொழிலில் இதைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிறகு டெமோவை யார் ஓட்டுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். விற்க வந்தவர் ஓட்டினால் மௌஸ் வழுக்கிக்கொண்டு போகும், அவருக்கு அது தினசரி வேலை. உங்கள் சம்பவங்களையும் உங்கள் உண்மையான பாகப் பட்டியலில் ஒரு ஐம்பது வரிகளையும் ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். டெமோ அன்று உங்கள் ஸ்டோர் கீப்பரும் கொள்முதல் பிரிவில் இருப்பவரும் கீபோர்டில் உட்காரட்டும். விற்பவர் பக்கத்தில் நின்று வழி சொல்லட்டும். ஒரு தடவை வேண்டுமென்றே தவறான எண்ணைப் போடச் சொல்லுங்கள். 50-க்குப் பதில் 500 என்று சரக்கு வரவு பதிந்துவிட்டால் எப்படித் திருத்துவது? அதற்குள் அந்தச் சரக்கில் பாதி உற்பத்திக்குப் போயிருந்தால்? தினமும் மென்பொருளைத் தொடுபவர்களுக்கு நரகம் என்பது திருத்தும் வழியில்தான் இருக்கிறது. அதை டெமோவில் யாருமே காட்டுவதில்லை, நீங்கள் கேட்டால்தான் காட்டுவார்கள்.

பெரிய பெயராக இருந்தால் போதும் என்று யாராவது சொன்னால் லிடில் சூப்பர் மார்க்கெட் கதையைச் சொல்லுங்கள். ஜெர்மனியின் லிடில் 2011-இல் எஸ்ஏபி என்ற பெரிய ஈஆர்பி நிறுவனத்தின் மென்பொருளைப் போடும் திட்டத்தைத் தொடங்கி, 2018-இல் கைவிட்டது. செலவு சுமார் 50 கோடி யூரோ என்று செய்திகளில் வந்தது. பேசப்பட்ட முக்கியக் காரணங்களில் ஒன்று மிகச் சிறியதாகத் தோன்றும்: லிடில் தன் ஸ்டாக்கை வாங்கிய விலையில் மதிப்பிட்டது, சில்லறை வணிகத்துக்கான அந்த மென்பொருள் விற்கும் விலையை அடிப்படையாகக் கொண்டிருந்தது. லிடில் தன் வழக்கத்தை மாற்றவில்லை, மென்பொருளை மாற்றப் போனார்கள். மென்பொருளும் கெட்டதில்லை, நிறுவனமும் கெட்டதில்லை. அந்த ஒரு இடத்தில் இரண்டும் பொருந்தவில்லை. உங்களிடம் அப்படிப் பொருந்தாத இடம் எது என்று கையெழுத்துக்கு முன்பே தெரிய வேண்டும், அவ்வளவுதான் நான் சொல்ல வருவது.

கணக்கு மேசை:

ஸ்டோர்க்காரர் சொன்னதற்கு மேல் கணக்குப் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

அடக்கவிலை முறையை முதலில் கேளுங்கள். முதலில் வந்தது முதலில் போகும் முறையா, நகரும் சராசரியா, நிலையான அடக்கவிலையா? எது உண்டு என்பதோடு நிற்க வேண்டாம், பொருளுக்குப் பொருள் மாற்ற முடியுமா, பின்னால் மாற்றினால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள். நகரும் சராசரியில் ஒரு சோதனை: 100 கிலோ 50 வீதம் வாங்குகிறீர்கள், பிறகு 100 கிலோ 60 வீதம். சராசரி 55. இப்போது இரண்டாவது பில்லில் விலை தவறு, 64 என்று திருத்தப்பட்ட பில் அடுத்த மாதம் வருகிறது. அதற்குள் 150 கிலோ செலவாகிவிட்டது. வித்தியாசம் எங்கே போய் உட்காருகிறது? மிச்சமுள்ள 50 கிலோவின் தலையில் மொத்தத்தையும் ஏற்றுகிறதா, ஒரு பகுதியை வித்தியாசக் கணக்குக்கு அனுப்புகிறதா? இரண்டுமே நடைமுறையில் உண்டு. எது நடக்கிறது என்று உங்கள் கணக்காளருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மைனஸ் ஸ்டாக்கை அனுமதிக்கிறதா என்றும் பாருங்கள். வரவு பதிவதற்கு முன் செலவு பதிந்தால் மென்பொருள் தடுக்க வேண்டும், அல்லது உங்களுக்குத் தெரிந்து அனுமதிக்க வேண்டும். சத்தமில்லாமல் விட்டுவிட்டால் சராசரி விலை கோணலாகிவிடும், அதைத் தேடிப் பிடிப்பது பெரும் பாடு.

பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வரவு, சப்ளையர் பில் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பணம் போகிறதா? கணக்கு முடித்து மூடிய மாதத்துக்குள் யாராவது பின்தேதியிட்டுப் பதிய முடிகிறதா? யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற தடம் இருக்கிறதா, அந்தத் தடத்தை அட்மின் அழிக்க முடியுமா? "முடியும்" என்றால் எனக்கு அந்த மென்பொருள் வேண்டாம்.

சர்வர் அறை:

மூன்று வழிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதனால் அந்தப் பக்கம் சொல்கிறேன்.

கிளவுட் சந்தா: 99.9 சதவீதம் இயங்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். ஆண்டுக்குச் சுமார் 8 மணி 45 நிமிடம் நின்றாலும் அது மீறல் ஆகாது என்று அர்த்தம். முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்யும் பராமரிப்பு பெரும்பாலும் இந்தக் கணக்கிலேயே வராது. அந்த நேரத்தில் லாரி வாசலில் நின்றால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அப்புறம், சந்தாவை நிறுத்தினால் உங்கள் தரவை எந்த வடிவத்தில், எத்தனை நாளுக்குள் தருவார்கள்? அறிக்கைகளை எக்செலில் இறக்கிக்கொள்ளலாம் என்பது பதில் அல்ல. எல்லா அட்டவணைகளும், இணைப்புக் கோப்புகளும், பழைய பரிவர்த்தனைகளும் வர வேண்டும். சோதனைக் காலத்திலேயே ஒரு முறை முழுத் தரவையும் இறக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

லைசென்ஸை எப்படி எண்ணுகிறார்கள் என்பது அடுத்தது. பெயருக்கு ஒன்றா, ஒரே நேரத்தில் உள்ளே இருப்பவர்களுக்கா? ஷிஃப்ட் முறையில் வேலை செய்யும் இடத்தில் இந்த வித்தியாசம் பெரியது. நீங்கள் பின்னால் ஒரு மொபைல் செயலியையோ வாடிக்கையாளர் தளத்தையோ ஈஆர்பியோடு இணைத்தால் அதற்கும் லைசென்ஸ் கேட்பார்களா? இது கற்பனைக் கேள்வி அல்ல. 2017-இல் பிரிட்டன் உயர் நீதிமன்றத்தில் எஸ்ஏபிக்கும் அதன் வாடிக்கையாளரான டியாஜியோ மதுபான நிறுவனத்துக்கும் நடந்த வழக்கு இதுதான். சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற வேறொரு நிறுவனத்தின் தளத்தில் கட்டிய செயலிகள் வழியாக எஸ்ஏபி தரவைத் தொட்டவர்களுக்கும் லைசென்ஸ் வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. எஸ்ஏபி கேட்ட தொகை 5.4 கோடி பவுண்டுக்கு மேல். அடுத்த ஆண்டு எஸ்ஏபியே இத்தகைய பயன்பாட்டை ஆவணங்களின் எண்ணிக்கையால் கணக்கிடும் முறையைக் கொண்டுவந்தது. உங்கள் அளவுக்கு அவ்வளவு பெரிய தொகை வராது, ஆனால் கேள்வியைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

திறந்த மூலம் என்றால் எல்லாம் ஒன்றல்ல. ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற மென்பொருள் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு என்ற திறந்த மூல உரிமத்தில் வருகிறது. ஓடூ என்ற இன்னொரு மென்பொருளில் கம்யூனிட்டி, என்டர்பிரைஸ் என்று இரண்டு இருக்கின்றன. கம்யூனிட்டிதான் திறந்த மூலம். முழுக் கணக்கியல் பகுதி என்டர்பிரைஸ் சந்தாவில்தான் கிடைக்கும். பார்ட்னர் எதைக் காட்டினார், எதற்கு விலை சொன்னார் என்று சரிபாருங்கள். மென்பொருள் இலவசமாக இருந்தாலும் நிறுவுவது, தரவு மாற்றுவது, பயிற்சி, பதிப்பு உயர்த்துவது எதுவும் இலவசம் இல்லை. அதனால் ஐந்தாண்டு மொத்தச் செலவை எழுதி ஒப்பிடுங்கள், முதலாண்டை மட்டும் ஒப்பிட்டால் படம் மாறிவிடும்.

மூன்றாவது வழிக்கு நான் ஆதரவு இல்லை. 60 பேர் நிறுவனத்துக்குக் கணக்கியலையும் ஸ்டாக்கையும் முதலிலிருந்து எழுதுவது தேவையில்லாத வேலை. அந்தக் குழுவில் இரண்டு பேர் விலகினால் உங்கள் நிலைமை என்ன? அந்த வழியில்தான் போவதென்றால் மூல நிரல் உங்கள் பெயரில், உங்கள் நிரல் களஞ்சியத்தில் (நிரலைச் சேமித்து வைக்கும் இடம்), வாரா வாரம் சேர வேண்டும்.

வால்வுப் பட்டறை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. முலாம் விஷயத்தை எப்படி இவ்வளவு சரியாக ஊகித்தீர்கள் என்று தெரியவில்லை, போன மாதம் இதே சண்டைதான்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். எங்களிடம் பல ஆண்டு எக்செல் கோப்புகள் இருக்கின்றன, அவற்றை முழுவதும் உள்ளே கொண்டுவர வேண்டுமா? அப்புறம், எங்கள் உற்பத்தி மேலாளர் இப்போது பயன்படுத்தும் ஜாப் கார்டு (ஒவ்வொரு வேலையோடும் போகும் விவரத் தாள்) அப்படியே மென்பொருளில் வர வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். ஒரு விற்பனையாளர் "செய்துவிடலாம்" என்கிறார், இன்னொருவர் "எங்கள் முறைக்கு மாறுங்கள்" என்கிறார். யாரைக் கேட்பது?

ஸ்டோர்க்காரர்:

முதலில் ஜாப் கார்டு. அந்தக் கார்டை நகல் எடுத்து மேசையில் வைத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் "இதை யார் படிக்கிறார்கள், படித்துவிட்டு என்ன செய்கிறார்கள்?" என்று மேலாளரிடமே கேளுங்கள். அவரை மடக்குவதற்காக இல்லை. நான் பார்த்த வரையில் பாதிக் கட்டங்கள் வேறு எங்கோ தகவல் கிடைக்காததால் சேர்க்கப்பட்டவை. ஸ்டாக் எண்ணிக்கை திரையில் தெரிந்தால் அந்தக் கட்டமே வேண்டாம். ஆனால் இரண்டு மூன்று கட்டங்கள் உயிரானவை. உதாரணமாக, வால்வு இருக்கையை (வால்வு மூடும்போது அடைப்பு வந்து பொருந்தும் பகுதி) தேய்த்துப் பொருத்தியவரின் கையெழுத்து, அழுத்தச் சோதனையில் எவ்வளவு நேரம் எந்த அழுத்தத்தில் நின்றது என்ற பதிவு. அவைதான் உங்கள் தரம், உங்கள் பெயர். அவற்றை விட்டுக்கொடுக்கச் சொல்லும் மென்பொருளுக்கு நீங்கள் வளையக் கூடாது. மற்றபடி பர்ச்சேஸ் ஆர்டர், பில், சம்பளம் போன்றவற்றில் உலகம் செய்வது போலச் செய்தால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, மென்பொருளின் வழிக்கே போங்கள்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் எப்படி மாற்றுகிறார்கள் என்று கேளுங்கள். அமைப்புகளில் போய்ப் புதிய கட்டம் சேர்ப்பது ஒரு வகை, மூல நிரலைத் திருத்துவது இன்னொரு வகை. முதல் வகை அடுத்த பதிப்பு வரும்போது பெரும்பாலும் தானாகக் கூடவே வரும். இரண்டாவது வகைக்கு ஒவ்வொரு பதிப்பு மாற்றத்திலும் மறுபடி காசு, மறுபடி சோதனை. சிலர் அதற்குப் பயந்து பழைய பதிப்பிலேயே வருடக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். "செய்துவிடலாம்" என்று சொன்னவரிடம் இது எந்த வகை என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

தரவு பற்றி. பழைய பரிவர்த்தனைகளைக் கொண்டுவர வேண்டாம், எக்செல் கோப்புகளைப் படிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கொண்டுவர வேண்டியது பாகப் பட்டியல், எந்த வால்வுக்கு எந்தப் பாகம் எத்தனை என்ற பட்டியல், சப்ளையர், வாடிக்கையாளர், தொடக்க நாளின் ஸ்டாக், பாக்கி ஆர்டர்கள், பாக்கி பில்கள். தொகுதி எண்களின் தடம் மட்டும் விதிவிலக்கு, பழைய வால்வு ஒன்று திரும்பி வந்தால் தேட வேண்டியிருக்கும்.

ஒரே கேஸ்கெட்டுக்கு மூன்று பெயர்கள் என்றீர்களே, அதை மென்பொருள் வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். இன்றே தொடங்கலாம், எந்த மென்பொருள் வந்தாலும் இந்த உழைப்பு வீணாகாது. ஐடி ஆளிடம் மட்டும் விடாதீர்கள், ஸ்டோரில் பாகத்தைக் கையில் எடுத்து அளந்து பார்க்கத் தெரிந்தவர் கூட இருக்க வேண்டும். அமெரிக்காவின் டார்கெட் நிறுவனம் 2013-இல் கனடாவில் கடை திறந்து, 133 கடைகள் வரை போய், 2015-இல் எல்லாவற்றையும் மூடியது. காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, புதிய அமைப்பில் அவசரமாக ஏற்றிய பொருள் விவரங்கள் தவறாக இருந்தது. நீளமும் அகலமும் இடம் மாறியிருந்தன, அங்குலமும் சென்டிமீட்டரும் குழம்பியிருந்தன. கிடங்கில் சரக்கு குவிந்தது, கடை அலமாரி காலியாக இருந்தது. நல்ல மென்பொருள் வைத்திருந்தும் அந்த நிலை வந்தது.

இன்னும் ஒன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தொடங்கும் நாளை விற்பவரின் வசதிக்கோ ஆண்டுக் கணக்கின் வசதிக்கோ மட்டும் வைத்துவிடாதீர்கள். அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் 1999-இல் ஒரே நேரத்தில் மூன்று புதிய அமைப்புகளை இயக்கத் தொடங்கியது, அதுவும் ஜூலையில். அடுத்து அக்டோபரில் வரும் ஹாலோவீன் பண்டிகைக்கு ஆர்டர் குவியும் நேரம். கிடங்கில் சாக்லேட் இருந்தும் சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை அனுப்ப முடியவில்லை. உங்களுக்கு எந்த மாதம் ஆர்டர் மந்தமோ அந்த மாதத்தில் தொடங்குங்கள். அதற்கு முந்தைய மாதத்தின் உண்மையான பரிவர்த்தனைகளை ஒரு சோதனைப் பிரதியில் முழுவதும் ஓட்டி, மாத முடிவையும் மூடிப் பாருங்கள். கணக்கு மேசை நண்பர் சொன்ன ஒப்பீடுகள் எல்லாம் அதில் வெளிப்பட்டுவிடும். எண் ஒத்துவரவில்லை என்றால் தேதியைத் தள்ளிவைக்கும் அதிகாரம் உங்களிடம் இருக்க வேண்டும். முதலாளியிடம் அதை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள், அந்த வாரத்தில் பேசினால் நடக்காது.

தொடங்கிய பிறகு முதல் சில வாரங்கள் நிறுவும் குழுவின் ஆள் ஒருவர் உங்கள் ஸ்டோரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். தொலைபேசி உதவி என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அதை மாற்றச் சொல்லுங்கள். சரக்கோடு லாரி நிற்கும்போது புகார் டிக்கெட் எண் போட்டுக் காத்திருக்க உங்கள் ஸ்டோர் கீப்பரால் முடியாது. அவர் மறுபடி எக்செலைத் திறந்துவிடுவார், அதற்கு அவரைக் குறை சொல்லவும் முடியாது. மூவரில் யார் இதற்குத் தயங்காமல் ஒப்புக்கொள்கிறார்கள், அனுப்பப்போகும் ஆளின் அனுபவம் என்ன, உற்பத்தி நிறுவனத்தில் முன்பு வேலை செய்திருக்கிறாரா என்று கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள். அதை வைத்து மேலே பேசலாம்.